டிரைவர் பக்க மிரர் இண்டிகேட்டரை மட்டும் தனியாக மாற்ற முடியுமா?

வணக்கம் நண்பர்களே. என் காரில் டிரைவர் பக்க மிரரில் உள்ள இண்டிகேட்டர் சரியாக எரிவதில்லை. எல்.இ.டி. வரிசையில் உள்பக்கம் இரண்டு மட்டும் மங்கலாக மினுக்குகின்றன. மழை பெய்தால் அதுவும் போச்சு. லென்ஸுக்குள் நீர் கோத்து நிற்பது வெளியிலிருந்தே தெரிகிறது. முன், பின் பல்புகள் நன்றாக எரிவதாலோ என்னவோ, டேஷ்போர்டில் டிக் டிக் வேகம் மாறவில்லை. மிரரை மடக்கி விரித்தாலும் அதே நிலைதான், ஆகவே கீல் வழியாக வரும் ஒயரில் கோளாறு இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் மிரரையே முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். சின்ன விளக்குக்காக நல்ல மோட்டாரையும் கண்ணாடியையும் தூக்கிப்போட மனசு வரவில்லை. அதற்காக அப்படியே விடவும் முடியாது. நாம் திரும்பும்போது பக்கத்திலேயே ஒட்டி வரும் பைக்காரர் கண்ணில் முதலில் படுவது இந்த விளக்குதான்.

கண்ணாடியை நெம்பி எடுத்து, பின் கவர் கிளிப்புகளை விடுவித்தால் விளக்கின் திருகு தெரியும் என்கிறார்கள். செய்து பார்த்த அண்ணன்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து நெம்ப வேண்டும்? கிளிப் உடையாமலிருக்க ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டலாமா? திருச்சியில் விளக்கை மட்டும் தனியாக விற்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.