‘ரெஸ்பான்சிபிள் பெர்சன்’: முகவரா, பொறுப்பாளரா, பொறுப்பாளியா?

மடல் 1

ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதனப் பொருள் ஒழுங்குவிதியை (எண் 1223/2009) தமிழில் சுருக்கும்போது 4ஆம் பிரிவிலேயே முட்டுகிறது. ஒன்றியத்துக்குள் ஒரு ‘ரெஸ்பான்சிபிள் பெர்சன்’ இல்லாமல் எந்தக் கிரீமும் சோப்பும் அங்கே சந்தைக்கு வரக்கூடாது. பேச்சில் ‘ஐரோப்பிய ஏஜென்ட்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘பொறுப்பு முகவர்’ என்று வைக்கலாமா?

மடல் 2

முகவர் வேண்டாம். முகவர் இன்னொருவர் சார்பில் செய்பவர். சிக்கல் வந்தால் அனுப்பியவரைக் கைகாட்டலாம். இவருக்கு அந்த வழி கிடையாது. நச்சியல், மருந்தியல், மருத்துவம் போன்ற துறையில் பட்டம் பெற்றவரிடம் பாதுகாப்பு அறிக்கை வாங்குவது, விற்பனைக்கு முன்பே ஒன்றியத்தின் அழகுசாதனப் பொருள் பதிவுத் தளமான சி.பி.என்.பி.யில் பதிவது, கடைசித் தொகுதி சந்தைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டு பொருள் தகவல் கோப்பை வைத்திருப்பது, யாருக்காவது கடும் பாதிப்பு வந்தால் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது எல்லாம் இவர் தலையில். லேபிளில் அச்சாவதும் இவர் பெயரும் முகவரியும்தான். பல முகவரி இருந்தால், கோப்பு இருக்கும் முகவரியைத் தனித்துக் காட்ட வேண்டும். வழக்கமாக அடிக்கோடு இடுவார்கள்.

‘பிரதிநிதி’யும் சரிவராது. மருத்துவக் கருவிச் சட்டத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி’ என்று வேறொருவர் இருக்கிறார். அந்தச் சொல்லை அவருக்கே விட்டுவிடுவோம்.

மடல் 3

அப்படியானால் ‘பொறுப்பேற்பாளர்’? உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ எழுத்தில் இன்னொருவரை நியமித்தால், அவரும் எழுத்தில் ஏற்க வேண்டும் என்றுதானே விதி.

மடல் 4

அது பாதி உண்மை. நியமனம் இல்லாதபோது என்ன ஆகும் என்று பாருங்கள். பாரிஸ் லா சப்பலில் ஒரு கடைக்காரர் சென்னையிலிருந்து நேரே 200 புட்டி மூலிகைத் தலைமுடி எண்ணெய் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதையும் ஏற்கவில்லை, எதிலும் கையெழுத்திடவில்லை. ஆனாலும் இறக்குமதியாளர் என்ற ஒரே காரணத்தால் சட்டம் அவரைத்தான் பிடிக்கும். பக்கத்துக் கடையும் அதே எண்ணெயைத் தனியாக இறக்கினால், அந்தச் சரக்குக்கு அவர் தனிப் பொறுப்பு. ‘ஏற்பு’ என்ற சொல் இதை மறைத்துவிடும்.

பெரும்பாலும் கோப்பு சிக்குவதும் இங்கேதான். பாதுகாப்பு அறிக்கைக்கு ஒவ்வொரு சேர்மானத்தின் அளவும் வேண்டும். நறுமணக் கலவையானால் அதன் பெயர், குறியீட்டு எண், தந்தவர் யார் என்பது வேண்டும். உற்பத்தியாளர் ‘எங்கள் பரம்பரை ரகசியம்’ என்று சொல்லிவிட்டால் மதிப்பீட்டாளர் கையெழுத்திட மாட்டார். லேபிளில் ‘மூலிகைச் சாறு’ என்று மொத்தமாகப் போட்டாலும் செல்லாது, ஒவ்வொன்றும் ஐ.என்.சி.ஐ. என்ற சர்வதேசச் சேர்மானப் பட்டியலின் பெயரில் இருக்க வேண்டும்.

என் முன்மொழிவு: பொறுப்பாளி. ‘பொறுப்பாளர்’ கட்சிக்கும் விடுதிக்கும் போய்விட்டது. நிர்வாகம் பார்ப்பவர் என்றே காதில் விழும். ‘இதற்கு யார் பொறுப்பாளி?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது பொருள். சட்டம் கேட்பதும் அதையே. நிறுவனமும் இந்த இடத்தில் இருக்கலாம். ஒரு கம்பெனி கடனாளி ஆகும்போது பொறுப்பாளி ஆகக் கூடாதா?

மடல் 5

‘குற்றவாளி’யின் சாயல் அடிக்கிறதே! மரியாதைக் குறைவாகவும் படுகிறது.

மடல் 6

முதலாளிக்கும் அதே ‘ஆளி’தான், யாரும் கோபிப்பதில்லை.

இதைவிட ஆபத்தான சொல் ஒன்று வரைவில் இருக்கிறது: ‘சந்தைப்படுத்தல்’. அது விளம்பரமும் விற்பனை உத்தியும். சட்டம் சொல்வது, ஒரு பொருள் ஒன்றியச் சந்தையில் முதன்முதலாகக் கிடைக்கச் செய்யப்படுவதை. அந்த 10 ஆண்டுக் கணக்கு அதிலிருந்துதான் ஓடுகிறது. ‘புது மாடலை மார்க்கெட்டில் இறக்கிட்டாங்க’ என்கிறோமே, அதையே எடுத்து ‘சந்தையிறக்கம்’ என்று வைக்கலாம். இறக்குமதியோடு குழம்பாது, லியோனில் செய்த சோப்பும் சந்தையிறக்கம் ஆகும்.

திறந்த டப்பா படத்தில் ‘12எம்’ என்று இருப்பதற்குக் ‘காலாவதி’ வேண்டாம். 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. திறந்தபின் எத்தனை மாதம் என்றுதான் சொல்கிறார்கள். ‘திறந்தபின் பயன்காலம்’ போதும்.

மடல் 1 எழுதியவர்

4ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவில் பொருத்திப் பார்த்தேன். ‘சொந்தப் பெயரில் சந்தையிறக்கம் செய்யும் விநியோகஸ்தர் பொறுப்பாளி ஆகிறார்.’ நிற்கிறது. ‘முகவர் ஆகிறார்’ என்று போட்டால் யாரோ வேலை கொடுத்ததுபோல் இருக்கிறது. அதே உட்பிரிவில், ஏற்கெனவே சந்தையில் உள்ள பொருளின் தகவலை மொழிபெயர்ப்பது மட்டும் மாற்றம் ஆகாது என்றும் இருக்கிறது. ஆக, லேபிளை மொழிபெயர்த்த குற்றத்துக்காக யாரும் பொறுப்பாளி ஆவதில்லை, நமக்கும் நிம்மதி. வரைவில் மூன்று சொல்லையும் மாற்றிவிட்டேன்.