ஹாம்ஸ்டருக்கு முடி கொட்டுகிறது, மருந்துக்கும் குணமாகவில்லை
வெள்ளவத்தையில் இருக்கிறோம். எங்கள் சிரியன் ஹாம்ஸ்டருக்கு ஒன்றரை வயது, 130 கிராம். 5 கிழமையாக இடுப்புப் பக்கம் முடி கொட்டி, தோல் காய்ந்து செதில் செதிலாக உரிகிறது. சொறிவது குறைவு, சாப்பாட்டில் குறையில்லை, சூரியகாந்தி விதை என்றால் இப்போதும் ஓடி வருகிறான்.

மரத்தூளை மாற்றிக் கடதாசித் துண்டு போட்டேன், கூட்டைச் சுடுதண்ணீரில் கழுவினேன். மிருக வைத்தியர் ஒருவர் பார்த்தவுடனேயே மைட்ஸ் (தோலில் வாழும் நுண்ணிய உண்ணி) என்று சொல்லி, கழுத்தில் ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்தை விட்டார். 2 கிழமை கழித்து மறுபடியும். மாற்றமில்லை. கடையில் நாய்களுக்குப் போடும் உண்ணிப் பவுடரை நீட்டினார்கள். நக்கிவிடுவான் என்று வாங்கவில்லை.

டெமோடெக்ஸ் என்ற வகை மைட்ஸா என்று அறிய, தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். அதை அவர் செய்யவேயில்லை.

கொழும்பிலோ தெஹிவளைப் பக்கமோ, ஹாம்ஸ்டருக்கு அந்தச் சோதனை செய்யும் மிருக வைத்தியர் யாரையாவது தெரியுமா?