காலை நோயாளருக்கு மூன்று பகுதி, மாலை நோயாளருக்கு இரண்டு: தமிழ்க் குறுஞ்செய்தியை எப்படி எண்ணுவது?

வெள்ளவத்தை நிரலாளர் (கேள்வி):

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கிளைகளைக் கொண்ட ஒரு சிறிய கிளினிக்கின் முன்பதிவு மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். வைத்தியரைச் சந்திப்பதற்கு முந்திய நாள், தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகியவற்றுள் பதிவின்போது நோயாளர் தெரிவுசெய்த மொழியில், நினைவூட்டல் குறுஞ்செய்தி ஒன்று தானாகவே செல்லும். தமிழ் வாசகம் பின்வருமாறு:

"அன்பான நோயாளருக்கு, தங்களுடைய வைத்தியச் சந்திப்பு நாளை மாலை 5.30 மணிக்கு ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றோம்."

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் செக்மென்டர் வசதியைக் கொண்டு இதை எண்ணினால், இடைவெளிகளையும் நிறுத்தற்குறிகளையும் சேர்த்து 87 எழுத்துகள் வருகின்றன. தமிழ்ச் செய்தியின் ஒரு கட்டணப் பகுதிக்கு 70 எழுத்துகள் என்பது அனுப்பும் நிறுவனத்தின் கட்டணப் பட்டியலில் உள்ளது. ஆகவே இரண்டு பகுதிகளுக்கான கட்டணம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மாதாந்தப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தபோது, வெள்ளவத்தைக் கிளையில் மாலைச் சந்திப்புகளுக்கும் காலை 9 மணிச் சந்திப்புகளுக்கும் இரண்டு பகுதிகளும், காலை 10 மணிக்குப் பிந்தியவற்றுக்கு மூன்று பகுதிகளும் அறவிடப்பட்டிருக்கின்றன. கொட்டாஞ்சேனைக் கிளையிலோ எந்த நேரமானாலும் மூன்று பகுதிகள்தாம். இரு கிளைகளின் வாசகமும் ஒன்றே. திரையில் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இதற்கிடையில் கிளினிக்கின் நிர்வாகி, தமிழ்ச் செய்தியை ஆங்கில எழுத்துகளில் எழுதி அனுப்பிவிட்டால் செலவு குறையும் அல்லவா என்று கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கு எனக்கு விளங்க வேண்டும்.

பம்பலப்பிட்டி வாசகன்:

எழுத்துகளைக் கணினிக்குரிய பைட்டுகளாக்கும் யு.டி.எப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் செல்கிறது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். எழுத்துகளை விட்டுவிட்டு பைட்டுகளை எண்ணிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

கோபுரத்தடி:

நண்பர் பம்பலப்பிட்டி வாசகன் கூறிய 140 பைட் சரியானது, யு.டி.எப்.-8 என்பதுதான் பொருந்தவில்லை. அவர் கணக்கின்படி இந்த வாசகம் 364 பைட் ஆகிறது, அப்படியாயின் மாலைச் செய்திக்கும் மூன்று பகுதிகள் வந்திருக்க வேண்டும். குறுஞ்செய்தித் தரநிலையில் யு.டி.எப்.-8 இல்லை. அதில் உரைக்குப் பொதுவாகப் பயன்படுபவை, ஆங்கில எழுத்துகள் அடங்கிய, ஓர் எழுத்துக்கு 7 பிட் வீதம் வைக்கும் ஜி.எஸ்.எம். என்னும் கைபேசித் தரநிலையின் அடிப்படை எழுத்துத் தொகுதியும், ஓர் எழுத்துக்கு 16 பிட் வீதம் வைக்கும் யு.சி.எஸ்.-2 முறையுமே ஆகும். 140 பைட் என்பது 1120 பிட். அதை 7ஆல் வகுத்தால் 160, 16ஆல் வகுத்தால் 70. செய்தியில் அடிப்படைத் தொகுதிக்கு வெளியிலுள்ள ஒரேயொரு எழுத்து இருந்தாலும் முழுச் செய்தியும் இரண்டாவது முறைக்கு மாறிவிடும்.

கட்டணப் பட்டியலில் பெரும்பாலும் அச்சிடப்படாத இன்னொரு விடயம் உண்டு. செய்தி ஒரு பகுதிக்குள் அடங்காதபோது, பிரிந்து செல்லும் துண்டுகளைப் பெறுநரின் தொலைபேசி மீண்டும் வரிசையாக ஒட்டுவதற்காக ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் 6 பைட் ஒதுக்கப்படுகிறது. எஞ்சும் 134 பைட்டில் 67 தமிழ்க் குறிகளே கொள்ளும். ஆகவே இரண்டு பகுதிகளின் உச்ச எல்லை 140 குறிகள் அன்று, 134 குறிகள். (பைட்டிலும் 134, குறியிலும் 134 என்று வருவது, ஒரு குறிக்கு 2 பைட், பகுதிகளும் 2 என்பதால்; குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அடுத்தது எதை எண்ணுவது என்பது. செக்மென்டர் எண்ணுவது மனிதர் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை. வலையமைப்பு எண்ணுவது யுனிகோட் என்னும் பொது எழுத்துத் தரநிலையின் குறிகளை. 'கொழும்பு' என்பது நமக்கு நான்கு எழுத்துகள். யுனிகோடில் மெய்களுக்குரிய நான்கு குறிகளும், ஒகரக் குறி ஒன்றும், உகரக் குறிகள் இரண்டும், புள்ளி ஒன்றுமாக எட்டு. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண 'லெங்த்' பண்பு இந்த எட்டைத்தான் தரும், இவ்விடத்தில் உங்களுக்குத் தேவையானதும் அதுவே. உங்கள் வாசகத்தை அவ்வாறு எண்ணிப் பார்த்தேன்: மிகச் சரியாக 134. இரண்டு பகுதிகளின் விளிம்பில் ஒரு குறிக்கும் இடமில்லாமல் நிற்கிறது. '5.30' என்பது '10.30' ஆனவுடன் ஓர் இலக்கம் கூடி 135 ஆகிறது, மூன்றாவது பகுதி தொடங்கிவிடுகிறது. காலை 9 மணி நோயாளர் மலிவாகவும் 10 மணி நோயாளர் விலையேறியும் போனதன் காரணம் இவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைக்கு வருவோம். 'நோ' என்பதிலும் 'றோ' என்பதிலும் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒகரத்துக்கும் இதே நிலைதான். ஔகாரக் குறியும் அவ்வாறே இரண்டாகப் பிரியக்கூடியது. உங்கள் வாசகத்தில் ஓகாரம் இரண்டு இடங்களில் வருவதால், பிரித்து எழுதப்பட்ட வடிவம் 136 குறிகள் ஆகும். அது எந்த நேரமானாலும் மூன்று பகுதிகள்தாம். அந்தக் கிளையின் வாசகம் வேறு வழியாக வந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன். பாமினி என்னும் பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சிட்டு யுனிகோட் மாற்றியில் போட்டெடுத்த கோப்பா என்று விசாரித்துப் பாருங்கள். அவ்வெழுத்துருவில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள் என்பதால், அவசரத்தில் எழுதப்பட்ட மாற்றிகள் அவற்றைச் சேர்க்காமலே விட்டுவிடுவதுண்டு.

தீர்வு எளிது. அனுப்புவதற்கு முன் வாசகத்தை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எப்.சி. என்னும் இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றுங்கள், ஜாவாஸ்கிரிப்டில் 'நோர்மலைஸ்' என்னும் ஒரே அழைப்பு போதும். எனினும் அது எல்லாவற்றையும் திருத்தும் என்று நம்பிவிட வேண்டாம். 'கௌரி' என்ற பெயரைப் பலர் ககரத்துக்குக் கொம்பிட்டு, அதன் பின் 'ள' என்னும் முழு எழுத்தைத் தட்டி 'கெளரி' என்று எழுதுகிறார்கள். அது வேறு எழுத்து என்பதால் எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது, எண்ணிக்கையும் ஒன்று கூடும். செய்தியில் நோயாளரின் பெயரைச் சேர்க்க நினைத்தால் இதையும் கருத்திற் கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை நிரலாளர்:

மிக்க நன்றி, அண்ணா. கொட்டாஞ்சேனைக் கோப்பு பாமினியில் இருந்து மாற்றப்பட்டதுதான்; அங்கு பணிபுரியும் அம்மையார் இன்றும் அந்த விசைப்பலகையில்தான் தட்டச்சிடுகிறார். இரு கோப்புகளையும் குறிகளாகப் பிரித்து ஒப்பிட்டேன், வேறுபாடு நீங்கள் சொன்ன அதே இரண்டு இடங்களில் இருந்தது. இயல்பாக்கத்தை இன்றே சேர்த்துவிட்டேன். நிர்வாகியின் யோசனையைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மருதானைச் சந்தி:

நிர்வாகி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. கொழும்பில் ஆங்கில மொழிமூலம் படித்து வளர்ந்த இளந்தலைமுறையினர் பலருக்குத் தமிழ் பேச்சில் சரளமாக வரும், எழுத்தில் வாசிக்க வராது. தமக்குள் அவர்கள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளும் ஆங்கில எழுத்திலேயே இருக்கின்றன. 160 எழுத்துகள் கிடைக்கும்போது இந்த வாசகத்தை ஒரே பகுதியில் அடக்கிவிடலாம், செலவும் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறைந்துவிடும். சிறிய கிளினிக்குக்கு அது பெரிய தொகை. இல்லாவிட்டால் வட்சப்பில் அனுப்புங்கள், எண்ணும் வேலையே இல்லை.

ஹவ்லொக் வீதி:

செலவைப் பற்றிய அக்கறை எனக்கும் உண்டு, ஆனால் இந்த வழியை ஏற்க முடியவில்லை. தமிழில் செய்தி வேண்டும் என்று பதிவுப் படிவத்தில் குறித்தவர், பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வாசிக்கத் தடுமாறும் வயதானவர். ஆங்கில எழுத்தில் வசதியாக வாசிக்கும் இளையவர் ஆங்கிலத்தையே தெரிவுசெய்திருப்பார். ஆகவே மருதானைச் சந்தி குறிப்பிடும் இளையவர்களுக்காக, அவர்கள் தெரிவுசெய்யாத ஒரு பட்டியலில் உள்ள பெரியவர்களைச் சிரமப்படுத்துவதாகவே இது முடியும். நோயாளரிடம் மொழியைக் கேட்டு வாங்கிய பின் எழுத்தை நாம் மாற்றுவது முறையன்று.

வட்சப் நல்ல துணை. ஆயினும் பட்டன் போன் வைத்திருக்கும் நோயாளருக்கும், டேட்டா தீர்ந்துபோன நாளில் மற்றவருக்கும், செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேராது. சந்திப்புக்கு மறுநாள் வந்து சேரும் நினைவூட்டலால் பயனில்லை.

ஆங்கில எழுத்துக்கு மாறினால் 160 உறுதி என்பதும் சரியன்று. சொற்செயலியில் எழுதி வெட்டி ஒட்டிய வாசகத்தில் வளைந்த மேற்கோட்குறி ஒன்று ஒளிந்திருந்தால் போதும், அந்தச் செய்தியும் 70க்கு இறங்கிவிடும். வெள்ளவத்தை நிரலாளர் தமது ஆங்கிலச் செய்திகளின் பட்டியலையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

உண்மையில் சுருக்க வேண்டியது வாசகத்தை. "ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றோம்" என்பதில் நோயாளருக்குத் தேவையான தகவல் எதுவுமே இல்லை. நமது அலுவலகத் தமிழ், கடிதத் தலைப்பிட்ட தாளுக்காகப் பழகிய தமிழ். அதை அப்படியே தொலைபேசித் திரைக்குக் கொண்டுவருகிறோம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். உங்கள் முன்பதிவு நாளை மாலை 5.30 மணிக்கு. இலக்கம் 12."

61 குறிகள். நேரம் 10.30 ஆனாலும் 62தான். வரிசை இலக்கமும் சேர்ந்துவிட்டது, உங்கள் பழைய வாசகத்தில் அதுவும் இல்லை.

மருதானைச் சந்தி:

ஒரே பகுதியில் அடங்குமானால் என் வாதத்தின் பாதி விழுந்துவிடுகிறது. மற்றப் பாதியை விடமாட்டேன்: தமிழ் வாசிக்கத் தெரியாத மகன்தான் பல வீடுகளில் தாயின் செய்தியைத் திறந்து பார்க்கிறான். படிவத்தில் நான்காவது தெரிவாக 'ஆங்கில எழுத்தில் தமிழ்' என்று ஒன்றைச் சேர்ப்பதில் என்ன குறை? மேலும் 'வணக்கம்' எதற்கு? இரண்டு கிளைகள் உள்ள இடத்தில் எந்தக் கிளை என்று சொல்வதல்லவா முக்கியம்?

கோபுரத்தடி:

கிளையைப் பற்றிச் சொன்னது சரி. வணக்கத்தை நீக்கிவிட்டு இறுதியில் 'வெள்ளவத்தை.' என்று சேர்த்தால் 64 குறிகளும், 'கொட்டாஞ்சேனை.' என்று சேர்த்தால் 66 குறிகளும் ஆகின்றன. நேரத்தில் ஓர் இலக்கமும் வரிசையில் ஓர் இலக்கமும் கூடினாலும் 68ஐத் தாண்டாது. மரியாதை குறைகிறது என்று யாராவது முறையிட்டால், நான் கிளையின் பக்கமே நிற்பேன்; தவறான கிளைக்கு முச்சக்கரவண்டி பிடித்துப் போன முதியவர் வணக்கத்தை நினைத்து ஆறுதலடையப் போவதில்லை. கிளினிக்கின் பெயரை வாசகத்தில் எழுத வேண்டாம்: அனுப்புநர் பெயர்ப் பகுதியில் ஆங்கில எழுத்தில் 11 எழுத்துகள் வரை இடமிருக்கிறது, அது இந்தக் கணக்கில் சேராது.

தமிழுக்கும் 7 பிட் அட்டவணை உண்டே என்று அடுத்து யாராவது கேட்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.எம். அடிப்படைத் தொகுதியில் தொடக்கத்திலிருந்தே கிரேக்கப் பேரெழுத்துகளுள் இலத்தீனை ஒத்திராத பத்துக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. அதனால் கிரேக்கர் பேரெழுத்திலேயே எழுதி 160ஐத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. நமக்கு அந்த வசதி அமையவில்லை. பின்னர், கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 23.038 தரநிலையில் தமிழ் உட்பட பத்துத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்று அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. சிங்களம் அவற்றுள் இல்லை. தமிழ் அட்டவணையை முதன்மை அட்டவணையாக வைத்து அனுப்பினால், தலைப்புக்குப் போக 155 குறிகள் கிடைக்கும். ஆனால் அனுப்பும் நிறுவனமும் பெறுநரின் தொலைபேசியும் அதை அறிந்திருக்க வேண்டும். அறியாத தொலைபேசி அதே பிட்டுகளை அடிப்படைத் தொகுதியாகப் படித்து, பொருளற்ற ஆங்கில எழுத்துகளைக் காட்டிவிடும். யார் கையில் எந்தத் தொலைபேசி இருக்கிறது என்று தெரியாத கிளினிக் அதை நம்பி இறங்கக் கூடாது.

நான்காவது தெரிவைப் பற்றி: சேர்க்கலாம், ஆனால் அதை நோயாளர் தாமே தெரிவுசெய்ய வேண்டும், முன்கூட்டியே குறியிட்டு வைக்கக் கூடாது.

வெள்ளவத்தை நிரலாளர்:

கிளைப் பெயருடன் கூடிய வாசகத்தை நிர்வாகி ஏற்றுக்கொண்டார். நான்காவது தெரிவு அடுத்த படிவம் அச்சிடும்போது வரும். ஆங்கிலப் பட்டியலையும் பார்த்தேன், ஹவ்லொக் வீதி ஊகித்தபடியே வளைந்த குறி ஒன்று இருந்தது. எனவே மூன்று மொழிகளுக்கும் பொதுவாக, வளைந்த குறிகளை நேராக்கி, கண்ணுக்குத் தெரியாத குறிகள் அனைத்தையும் அகற்றும் ஒரு செயற்கூற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோபுரத்தடி:

வளைந்த குறிகளை நேராக்குவது சரி. கண்ணுக்குத் தெரியாத குறிகளை அகற்றுவதைச் சிங்களச் செய்திக்கு ஓட்டாதீர்கள். அங்கே ரகரமும் யகரமும் முன்னெழுத்தோடு இணைந்து வடிவம் மாறும் இடங்களில், அகலமற்ற இணைப்புக்குறி ஒன்று அல்லகுணவுக்கு (நமது புள்ளியைப் போன்ற சிங்களக் குறி) பின்னால் கட்டாயம் இருக்க வேண்டும். அதை அகற்றினால் நாட்டின் பெயரில் வரும் 'ஸ்ரீ' கூட உடைந்துதான் தெரியும். அந்தக் குறியும் 70இல் ஓர் இடத்தைப் பிடிக்கும் என்பதால், சிங்கள வாசகத்தை அகற்றாமல் அப்படியே எண்ணிப் பாருங்கள்.