மறு: பயிர்த்தடம் சரியான சொல்லா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

பிரிட்டனின் ரோமானியச் சாலைகள் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும் நண்பர் ‘கிராப்மார்க்’ என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தார். மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கும் பழைய கட்டுமானம் மேலே நிற்கும் பயிரில் காட்டும் அடையாளம் அது. பயிர்த்தடம், பயிர்வடு, பயிர்க்கோலம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்கு இடறுகின்றன.

கோலத்தை முதலில் கழித்துவிடலாம். வில்ட்ஷயர் வயல்களில் இரவோடு இரவாகப் பலகையும் கயிறும் வைத்துப் பயிரை மடக்கி வட்டம் போடுகிறார்களே, அதற்கு வைத்துக்கொள்வோம்.

தடம் என்றால் காலோ சக்கரமோ பட்டுப் பதிந்தது. பயிர்த்தடம் என்று எங்கள் ஊரில் சொன்னால் மாடு புகுந்து மிதித்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். இதில் ‘சாலையின் பயிர்த்தடம்’ என்று வேறு எழுத வேண்டும்.

வடு நல்ல சொல், விடவே மனமில்லை. ஆனால் மண்ணுக்கடியில் நடப்பதைப் பாருங்கள். ரோமானியச் சாலையின் நடுவில் கல்லும் சரளையும் இடித்துக் கெட்டித்திருப்பார்கள். பல இடங்களில் இரண்டு பக்கமும் வாய்க்கால் இருக்கும். பின்னாளில் சாலை கைவிடப்பட்டு, மண் மூடி, அதன்மேல் பார்லியோ கோதுமையோ விதைக்கிறார்கள். சரளைக்கு மேலே மண் மெலிசு, வேர் இறங்க இடமில்லை. மழை தப்பினால் அங்கே பயிர் குட்டையாக நின்று, மற்றதற்கு முன்பே மஞ்சளாகிவிடும். தூர்ந்துபோன வாய்க்காலிலோ மண் ஆழம், ஈரம் நிற்கும், பயிர் கருகருவென்று எழும்பும். விமானத்திலிருந்து பார்த்தால் வெளிறிய பட்டை ஒன்று, அதன் இருபுறமும் பச்சைக் கோடு. 2018 கோடையில் பிரிட்டன் காய்ந்து கிடந்தபோது இப்படிப் புதைந்த கட்டுமானங்கள் ஏராளமாக வெளிப்பட்டன.

ஆக, ஒரே சாலைக்கு நேரெதிரான இரண்டு அடையாளங்கள். செழித்து நிற்கும் பயிரை வடு என்று எப்படிச் சொல்ல?

என் பரிந்துரை: பொதுச்சொல் பயிர்க்குறி. வெளிறிய பட்டை வாடுகுறி, பச்சைக் கோடு செழிகுறி. சுடுசோறு, குடிநீர் போல இவை வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது. காலமும் காட்டாது. போன வறட்சியில் வாடியதையும் அடுத்த வறட்சியில் வாடப்போவதையும் ஒரே சொல் தாங்கிக்கொள்ளும். புல்தரை தீய்ந்து காட்டுவதைக் காய்குறி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. விமானத்துக்கு முன்பே இதைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு. வில்லியம் காம்டனின் ‘பிரிட்டானியா’ என்ற நூல் 1610இல் ஆங்கிலத்தில் வந்தது. கென்ட் பகுதியின் ரிச்பரோவில், பழைய ரோமானியத் தெருக்கள் போன இடமெல்லாம் தானியப் பயிர் அடர்த்தியில்லாமல் நிற்கிறது என்று அதில் இருக்கிறது. ஒன்றையொன்று வெட்டும் அந்தக் கோடுகளை ஊர்மக்கள் புனித அகஸ்தீனின் சிலுவை என்றார்களாம். அச்சு அசல் வாடுகுறி! அவர்களுக்குக் கலைச்சொல் தேவைப்படவில்லை, பார்த்தவுடன் பெயர் வைத்துவிட்டார்கள்.

*

ஐயா, வாடுகுறி பிடித்திருக்கிறது. ஆனால் குறி என்று கரும்பலகையில் எழுதினால் என் வகுப்பில் கடைசி பெஞ்சு அரை மணி நேரம் அடங்காது. ‘பயிரடையாளம்’ போதாதா?

*

அம்மா, கேள்விக்குறியும் மேற்கோள்குறியும் தினமும் அதே பலகையில்தானே எழுதுகிறீர்கள்? முதல் நாள் சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். அடையாளம் நீளம். ‘வாடும் அடையாளம்’ என்று எழுதினால் அடையாளமே வாடுவதுபோல் ஆகிவிடும். தவிர, குறி சொல்வது என்று நம்மிடம் ஒரு வழக்கு இருக்கிறதே. கண்ணுக்குத் தெரியாததை இந்தப் பயிரும் சொல்லத்தான் செய்கிறது.

*

கேட்டவன் நான்தான். வாடுகுறி, செழிகுறி இரண்டையும் வரைவில் போட்டுவிட்டேன், நன்றி. இன்னொன்று பாக்கி. டார்செட்டில் ஆக்லிங் டைக் என்ற சாலை இன்றும் புல்வெளியில் நீண்ட மண்மேடாக உயர்ந்து கிடக்கிறது. அந்த மேட்டை ‘அகர்’ என்கிறார்கள். கரை என்று எழுதியிருக்கிறேன். ஆற்றைத் தேடுவார்களோ?

*

தேடுவார்கள். சாலைமேடு என்று போடுங்கள்.