மேலே வீடு, கீழே பட்டறை: எந்தக் குப்பை எந்த வகை?

செந்தூல் பட்டறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது இரண்டு மாடிக் கடைவீடு. கீழே கார் பட்டறை, மேலே குடும்பம், அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான். போன மாதம் மேல்மாடிக் குளியலறையை உடைத்துப் புதிதாகக் கட்டினோம். வேலை எடுத்த கொன்ட்ராக்டர் உடைத்த டைல்ஸ், சிமெண்ட் கட்டி, பழைய பேசின் எல்லாவற்றையும் பதினைந்து இருபது மூட்டையாகக் கட்டி, பின்சந்தில் எங்கள் குப்பைத் தோங் (தொட்டி) பக்கத்தில் அடுக்கிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குப்பை லோரி வந்தது, தோங்கில் இருந்ததை மட்டும் கொட்டிக்கொண்டார்கள், மூட்டைகளை ஒருவரும் தொடவில்லை. "இது வீட்டுக் குப்பை இல்லை" என்று மட்டும் சொன்னார்கள். என் வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தது எப்படி வீட்டுக் குப்பை இல்லாமல் போகும்?

அதிலிருந்து கீழே பட்டறையில் சேருவதைப் பார்த்தாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஸ்பேர்பார்ட்ஸ் வந்த அட்டைப்பெட்டி, பையன்கள் சாப்பிட்ட பொட்டலம், எண்ணெய் துடைத்த துணி, பழைய ஆயில் ஃபில்டர், ஒரு டிரம் கறுப்பு எண்ணெய், செத்துப்போன பேட்டரி நாலைந்து. எண்ணெயை வாங்க ஒருவர் வருகிறார், பேட்டரியைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொள்கிறார். துணியும் ஃபில்டரும் இத்தனை வருடமாகச் சாதாரணக் குப்பையோடுதான் போயிருக்கின்றன. சட்டம் இதையெல்லாம் எப்படிப் பிரிக்கிறது? சம்மன் வருவதற்கு முன்னால் நானே சரி செய்ய வேண்டும். மூட்டைகள் இன்னும் சந்தில்தான் கிடக்கின்றன.

கெப்போங் தம்பி:

அண்ணே, ரொம்ப யோசிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த எல்லாப் பட்டறையிலும் எண்ணெய்த் துணியைக் கறுப்புப் பையில் கட்டித் தோங்கில்தான் போடுகிறார்கள். டைல்ஸ் மூட்டைக்கு ஒரு லோரிக்காரர் இருக்கிறார், 200 வெள்ளி (ரிங்கிட்) வாங்குவார், ஒரே நடையில் முடித்துவிடுவார். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று நான் கேட்டதில்லை. நம்பர் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

பதிவேட்டு அக்கா, செத்தாப்பாக்:

தம்பி, அந்த நம்பரைத் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள். 200 வெள்ளிக்கு வரும் லோரி பெரும்பாலும் ஏதாவது ஆற்றோரத்தில்தான் கொட்டிவிட்டு வரும். அனுமதி இல்லாத இடத்தில் கொட்டுவதும், கொட்ட விடுவதும் திடக்கழிவுச் சட்டமான சட்டம் 672-இன் 71ஆம் பிரிவில் குற்றம். அபராதம் குறைந்தது 10,000 ரிங்கிட், அதிகம் 100,000 வரை, ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறையும் உண்டு. "கொட்ட விடுவது" என்ற சொல்லைக் கவனியுங்கள், லோரியை அனுப்பிய வீட்டுக்காரரும் அதில் மாட்டலாம்.

பட்டறைத் தம்பி, இனி உங்கள் கேள்வி. நான் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் கழிவுப் பதிவேடு எழுதியவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கோலாலம்பூரில் நமக்குப் பொருந்துவது 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது மேலே சொன்ன சட்டம் 672, மலாயில் அக்தா 672. நடைமுறைக்கு வந்தது 2011 செப்டம்பர் 1. அதில் "கட்டுப்பாட்டுக்குட்பட்ட திடக்கழிவு" என்று ஒன்று இருக்கிறது. வணிகம், கட்டுமானம், வீடு, தொழில்துறை, நிறுவனம், இறக்குமதி, பொது இடம் என்று ஏழு வகை, எட்டாவதாக அரசு பிறகு அறிவிக்கும் எதுவும். இந்தப் பெயர்களைப் பாருங்கள், இவற்றில் ஏதாவது ஒன்று பிளாஸ்டிக், காகிதம், கண்ணாடி என்று பொருளின் பெயரைச் சொல்கிறதா? இல்லை. குப்பை எந்த வேலையில் உண்டானது, எந்த இடத்தில் உண்டானது என்பதுதான் வகை. மாடியில் உங்கள் பிள்ளை குடித்துப் போட்ட தண்ணீர்ப் போத்தல் வீட்டுத் திடக்கழிவு. அதே போத்தலைப் பட்டறைப் பையன் கீழே குடித்துப் போட்டால் வணிகத் திடக்கழிவு.

உங்கள் மூட்டைக்கும் இதுதான் பதில். வீட்டுக் குப்பை என்றால் குடியிருக்கும் வீட்டில் வழக்கமாக உண்டாகும் வகை என்று சட்டமே வரம்பு போடுகிறது, தோட்டக் குப்பையையும் அதில் சேர்க்கிறது. குளியலறையை நீங்கள் வழக்கமாக உடைப்பதில்லையே. கட்டுமானக் கழிவின் விளக்கத்தில் புதிதாகக் கட்டுவதும் இடிப்பதும் மட்டுமில்லை, பழுதுபார்ப்பு, மாற்றி அமைப்பது, மேம்படுத்துவது எல்லாம் வருகிறது. ஆகவே லோரிக்காரர்கள் விட்டுவிட்டுப் போனது சரிதான். உரிமம் உள்ளவரிடம் ரோரோ தோங் (லோரியில் ஏற்றி இறக்கும் பெரிய தொட்டி) வாடகைக்கு எடுங்கள், கொட்டிய இடத்தின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கொன்ட்ராக்டரையும் விடாதீர்கள். ரினோவேஷன் விலை பேசும்போதே கழிவை அப்புறப்படுத்தும் செலவை எழுத்தில் வாங்காமல் விடுவதுதான் நம் ஆட்கள் எல்லாரும் செய்வது, நானும் ஒருமுறை அப்படிச் செய்து அனுபவப்பட்டவள்.

எண்ணெய்த் துணிக்கு வருகிறேன், எனக்குப் பெரிய கவலை இதுதான். 672 "திடக்கழிவு" என்று சொல்லும்போதே மூன்றை வெளியே தள்ளிவிடுகிறது: கழிவுநீர், கதிரியக்கக் கழிவு, அப்புறம் மலாயில் புவாங்கான் தெர்ஜாடுவல் என்ற அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு. மூன்றாவது, 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த விதிமுறையில் அடங்கும். அங்கே கணக்கு அப்படியே மாறுகிறது. எங்கிருந்து வந்தது என்பது அங்கே பேச்சில்லை, அது என்ன பொருள் என்றுதான் பார்ப்பார்கள். 77 வகை, ஒவ்வொன்றுக்கும் எஸ்டபிள்யூ (அட்டவணைக் கழிவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும் எண். உங்கள் கறுப்பு எண்ணெய் எஸ்டபிள்யூ 305. எண்ணெய் பட்ட துணியும் ஃபில்டரும் 410. ஈயப் பேட்டரி 102. ஆக நீங்கள் தோங்கில் போட்ட துணி சட்டப்படி திடக்கழிவே இல்லை, குப்பை லோரியில் ஏறவே கூடாதது. அது குப்பை கொட்டிப் புதைக்கும் நிலநிரப்பில் போய் மழையில் ஊறி நிலத்தடி நீரில் கலக்கும். யாரோ ஒருவர் கை உறை இல்லாமல் அந்தப் பையைத் தூக்குகிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் தொண்டன்:

அக்கா, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கோலாலம்பூரில் ஒரு சின்னக் கோயிலில் தொண்டு செய்கிறோம். தினமும் வாடிய மாலை, தேங்காய் ஓடு, வாழை இலை, அன்னதானம் மிஞ்சியது என்று சேருகிறது. பூவும் இலையும்தானே, தோட்டக் குப்பை என்று வீட்டுக் கணக்கில் சேர்க்கலாமா?

பதிவேட்டு அக்கா, செத்தாப்பாக்:

சேர்க்க முடியாது தம்பி. வழிபாட்டுக்கும் அறப்பணிக்கும் அனுமதி பெற்ற இடம் "நிறுவனத் திடக்கழிவு" வகையில் வருகிறது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, அரசு அலுவலகம், நூலகம், அநாதை இல்லம் எல்லாம் உங்கள் கூட்டம்தான். தைப்பூசத்துக்கு இரதம் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து புறப்படும்போது வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறோம் இல்லையா, கோயிலுக்குள் உடைத்தால் நிறுவனக் கழிவு, சாலையில் உடைத்தால் பொதுத் திடக்கழிவு. இரதம் போய்ச் சேரும் பத்துமலை சிலாங்கூர் மாநிலம், அங்கே 672 நடைமுறையிலேயே இல்லை. ஒரே ஊர்வலத்தில் சட்டமே மாறிவிடுகிறது.

ஆனால் வகை என்னவானாலும் பூவையும் இலையையும் உரமாக்குவதை யாரும் தடுக்கவில்லை. மாலையிலிருந்து நைலான் நூல், ஜரிகையை முதலில் பிரித்துவிடுங்கள்.

ஜெலுத்தோங்காரன், பினாங்கு:

அக்கா சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பினாங்கில் இதைப் படிப்பவர்கள் குழம்புவார்கள். 672 கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், கெடா, பெர்லிஸ் இவற்றுக்குத்தான். நாங்கள் இன்னும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், 1974ஆம் ஆண்டுச் சாலை, கால்வாய், கட்டடச் சட்டம், அதோடு மாநகர் மன்றத்தின் துணைச் சட்டங்கள் என்று போகிறோம். நீங்கள் 2015 செப்டம்பரில் வீட்டிலேயே பிரித்து வைக்கத் தொடங்கினீர்கள், 2016 ஜூனிலிருந்து உங்களுக்கு அபராதம். எங்களுக்குப் பிரிப்பது கட்டாயமானதே 2016 ஜூனில், அதுவும் மாநிலத்தின் சொந்த முடிவு.

வகை பிரிப்பது வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். தீவின் வீட்டுக் குப்பை பத்து மாவுங் குப்பை மாற்று நிலையம் வழியாகப் பெருநிலத்தில் பூலாவ் பூரோங் நிலநிரப்புக்குப் போகிறது. கட்டுமானக் கழிவும் தோட்டக் கழிவும் பல வருடமாக ஜெலுத்தோங் கடலோரத்துக்கு வந்தன. அதாவது மேசையில் உட்கார்ந்து போட்ட வகைதான் எங்கள் வாசலில் எது வந்து மலையாகும் என்று முடிவு செய்தது. 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்தது, நாள்கணக்கில் புகை. அம்மாவுக்கு ஆஸ்துமா, சன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகி வைத்திருந்தோம். அதனால் தம்பி சொன்ன 200 வெள்ளி லோரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்னொன்று, அட்டவணைக் கழிவு விதிமுறை நாடு முழுவதுக்கும் பொதுவானது. பினாங்கில் பட்டறை வைத்திருந்தாலும் எண்ணெய்த் துணி 410தான்.

கெப்போங் தம்பி:

மன்னிக்கவும் அண்ணே, அக்கா. இதெல்லாம் எனக்கு உண்மையிலேயே தெரியாது. நம்பரை அழித்துவிட்டேன்.

செந்தூல் பட்டறைக்காரன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்றுக் கொன்ட்ராக்டரை அழைத்து 71ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னேன், முதலில் சத்தம் போட்டார், அப்புறம் ரோரோ செலவில் பாதி தருகிறேன் என்றார். உரிமம் உள்ள ஒருவர் திங்கட்கிழமை தோங் கொண்டுவருகிறார். துணிக்கும் ஃபில்டருக்கும் மூடி உள்ள தனி டிரம் வைத்துவிட்டேன், பையன்களுக்கும் காட்டிவிட்டேன். அக்கா, டிரம்மில் ஏதோ எழுதி ஒட்ட வேண்டுமாமே, என்ன எழுதுவது? எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? எண்ணெய் டிரம்மில் முதல் எண்ணெய் எப்போது விழுந்தது என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை.

பதிவேட்டு அக்கா, செத்தாப்பாக்:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. லேபிளில் கழிவு முதலில் உண்டான தேதி, உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், எஸ்டபிள்யூ எண் இருக்கட்டும். அந்தத் தேதியிலிருந்து 180 நாள் வரை வைத்திருக்கலாம், மொத்தம் 20 டன்னைத் தாண்டக்கூடாது, உங்களுக்கு அந்த இரண்டாவது கவலை இல்லை. எவ்வளவு சேர்ந்தது, யாரிடம் போனது என்பதை எழுதி மூன்று வருடம் பத்திரமாக வைத்திருங்கள். எண்ணெய் வாங்க வருகிறவரிடமும் பழைய இரும்புக்காரரிடமும் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த முறை கொடுக்காதீர்கள். பழைய டிரம்முக்குத் தேதியை ஊகித்து எழுத வேண்டாம். உரிமம் உள்ளவரை வரச் சொல்லி அதை முதலில் அனுப்பிவிட்டு, காலி டிரம்மில் முதல் எண்ணெய் ஊற்றும் அன்றைக்கு அன்றைய தேதியைப் போடுங்கள். மழை படாத இடத்தில் வையுங்கள், பின்சந்தில் வேண்டாம்.