ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, காருக்கு இன்சூரன்ஸ் இல்லை: இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

செம்மண்காட்டான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை கொத்தனார், வயது 54. சென்ற மாதம் வேலை முடிந்து டி.வி.எஸ். எக்செல் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, திண்டிவனம்–மரக்காணம் சாலையில் எதிரே வந்த கார் ஒன்று டிராக்டரை முந்த முயன்று அவர் மீது மோதிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள்; ஆறு மாதத்திற்குச் சாரம் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

காரை ஓட்டியவர் 19 வயதுப் பையன். அவருக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. காரின் எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தால், இன்சூரன்ஸ் விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே காலாவதியாகியிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. "இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மேல் கேஸ் போட்டு ஒன்றும் கிடைக்காது, நாற்பதாயிரம் தருகிறோம், வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று பையனின் தந்தை ஊர்ப் பெரியவர் ஒருவரைத் தூதாக அனுப்புகிறார். அவர்கள் சொல்வது உண்மையா? உரிமம் இல்லாதது, இன்சூரன்ஸ் இல்லாதது, இவற்றில் எது எங்களைப் பாதிக்கும்?

கீழ்க்கோர்ட் வக்கீல்:

ஐயா, இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தாலும் காருக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்திருந்தால் உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் அளித்த தீர்ப்பின்படி, உரிமம் இல்லை என்ற காரணத்தை மட்டும் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி மூன்றாம் நபரை, அதாவது விபத்தில் பாதிக்கப்பட்ட வெளியாளை, கைகழுவிவிட முடியாது. வாகன உரிமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும்கூட, முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். நாங்கள் 'பே அண்ட் ரெக்கவரி' என்று சொல்வது இதைத்தான்.

இன்சூரன்ஸே இல்லை என்றால் நடுவில் நின்று பணம் கொடுக்க யாரும் இல்லை. ஆனால் அதனால் இழப்பீடே கிடையாது என்று அவர்கள் சொல்வது தவறு. ஓட்டியவரும் உரிமையாளரும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். தீர்ப்பான பிறகும் அவர்கள் கொடுக்காவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பி, நிலவரி பாக்கியைப் போலவே அதை வசூலிக்கச் செய்யலாம்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கார் எங்கே நிற்கிறது என்பதைத்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்து ஏற்படுத்திய வாகனத்தை, உரிமையாளர் போதிய பிணை கொடுக்காமல் விடுவிக்கக் கூடாது என்றும், பிணை கொடுக்காவிட்டால் மூன்று மாதம் கழித்து ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இதற்கான விதிகளை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2018-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பிறகு மத்திய அரசின் 2022 விதிகளிலும் இது சேர்க்கப்பட்டது. ஆனால் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் வண்டி சத்தமில்லாமல் வெளியே போய்விடும். ஆகவே, கார் இன்னும் காவல் நிலைய வளாகத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். விடுவிப்பு மனு போட்டிருந்தால், நீதித்துறை நடுவர் முன் ஆட்சேபணை தாக்கல் செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர்:

வக்கீல் ஐயா சொன்னதோடு சில தகவல்களைச் சேர்க்கிறேன். பல ஆண்டுகள் விபத்துக் கோப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால், எதிர்த்தரப்பு எங்கெங்கே கைவைக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மருத்துவமனையில் பதிவான ஏ.ஆர். காப்பியை (விபத்துப் பதிவேட்டின் நகலை) உடனே வாங்கிப் படியுங்கள். விபத்து நடந்த நேரம், இடம், அழைத்து வந்தவர் ஆகியவற்றோடு, காயம் எப்படி ஏற்பட்டது என்பதும் அதில் ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். அழைத்து வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்லி, மருத்துவரும் அப்படியே எழுதியிருந்தால், பின்னால் கார் மோதியது என்பதை நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டியிருக்கும். நான் பார்த்த கோப்புகளில் பாதிக்கப்பட்டவரைக் கவிழ்த்தது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்.

இன்னொன்று. காலாவதியான பாலிசியை விபத்து நடந்த சில மணி நேரத்திலேயே கைப்பேசியில் புதுப்பித்துவிட்டு, விபத்து அதற்குப் பிறகு நடந்தது என்று காட்ட முயல்பவர்கள் உண்டு. பாலிசியில் தொடங்கும் நேரம் குறிப்பிட்டிருந்தால் அந்த நேரத்திலிருந்துதான் அது செல்லும். ஆகவே எஃப்.ஐ.ஆரில் இருக்கும் நேரமும் ஏ.ஆர். காப்பியில் இருக்கும் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உரிமம் வைத்திருக்கும் அண்ணனோ மாமனோ "நான்தான் ஓட்டினேன்" என்று வந்து நிற்பதும் வாடிக்கைதான். சாலையில் பையனைப் பார்த்த சாட்சிகளின் பெயர்கள் காவல்துறையிடம் இருக்க வேண்டும்.

செம்மண்காட்டான்:

இருவருக்கும் நன்றி. ஏ.ஆர். காப்பியில் "கார் மோதி" என்றே இருக்கிறது. கார் இன்னும் காவல் நிலையத்தில்தான் நிற்கிறது. நேற்று விடுவிப்பு மனு போட்டிருக்கிறார்களாம். விசாரித்ததில் இரண்டு புதிய செய்திகள் தெரியவந்தன. பையனின் தந்தை அந்தக் காரை விலைக்கு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியும், ஆர்.சி. புத்தகம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. அடுத்தது எங்கள் பக்கத்தில் இருக்கும் குறை. என் தந்தையிடமும் லைசென்ஸ் கிடையாது. அதனால் எங்கள் வழக்கே நிற்காது என்று தூது வந்தவர் மிரட்டிவிட்டுப் போனார்.

கீழ்க்கோர்ட் வக்கீல்:

மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காக உங்கள் தந்தைக்கு 181-ஆம் பிரிவில் அபராதம் விதிக்கப்படலாம். 2019 திருத்தத்திற்குப் பிறகு அது ரூ.5,000. ஆனால் உரிமம் இல்லாததாலேயே விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று ஆகிவிடாது என்பதை சுதிர் குமார் ராணா வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. டிராக்டரை முந்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஏறியது கார். பொறுப்பு யாருடையது என்பது அதைக் கொண்டுதான் முடிவாகும்.

ஆர்.சி. விஷயம் உங்களுக்குச் சாதகமானது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், விற்றுவிட்டேன் என்று சொல்லி அவர் விலக முடியாது என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் தீர்ப்பாகியிருக்கிறது. ஓட்டிய பையன், வாங்கிய தந்தை, பழைய உரிமையாளர் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) போடுங்கள். ஒன்றும் அறியாத பழைய உரிமையாளரை இழுப்பது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். தான் கட்ட நேரும் பணத்தை வாங்கியவரிடம் கேட்டுப் பெறும் வழி அவருக்கு உண்டு. மனுவை நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்திற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பாலாற்றங்கரை:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தீர்ப்பாவதற்குச் சில ஆண்டுகள் ஆகும், பிறகு தீர்ப்புத் தொகையை வசூலிக்க நிறைவேற்று மனு, பிறகு மேல்முறையீடு என்று இழுத்தடிப்பார்கள். வேலைக்குப் போக முடியாத கொத்தனார் வீட்டில் இன்றைக்கு அரிசி வாங்கப் பணம் வேண்டாமா? பேசிக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு முடிப்பதில் என்ன தவறு?

ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர்:

சமரசம் செய்வது தவறில்லை ஐயா; வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு முடிப்பதுதான் ஆபத்து. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு முதல் தவணையோடு நிறுத்திக்கொண்டவர்கள் பலர். மனுவைப் போட்டுவிட்டு மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால், அங்கே பதிவாகும் தொகைக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு. அதன் மேல் மேல்முறையீடும் கிடையாது.

தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத 164-ஆம் பிரிவிலேயே கொடுங்காயத்திற்கு இரண்டரை இலட்சம் ரூபாய் என்று எழுதியிருக்கிறது. தவறை நிரூபித்துக் கேட்கும் 166-ஆம் பிரிவில் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, நிரந்தர ஊனத்தின் சதவீதம் எல்லாம் தனித்தனியே கணக்கில் வரும். எந்தப் பிரிவில் போவது என்பதை வக்கீலோடு பேசி முடிவு செய்யுங்கள். இந்த நிலையில் நாற்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு வருகிறவர் கணக்கு தெரியாதவர் அல்லர்.

கீழ்க்கோர்ட் வக்கீல்:

விடுவிப்பு மனு நேற்றே போடப்பட்டுவிட்டதால் நாளைக் காலையே நீதிமன்றத்திற்குப் போய்விடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், இன்சூரன்ஸ் காலாவதியானதைக் காட்டும் எம்பரிவாகன் பக்கத்தின் அச்சுப்படி, மருத்துவமனை ரசீதுகள் ஆகியவை கையில் இருக்கட்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழு அலுவலகத்தில் இலவச உதவிக்கு மனுக் கொடுங்கள். பிணை வாங்காமல் கார் வெளியே போகாதபடி பார்த்துக்கொண்டால், அடுத்த முறை தூது வருகிறவர் வேறு தொகையோடு வருவார்.