வார்னே விழுங்கியது ஒரு மாத்திரையா, இரண்டா?

மூன்றாம் நடுவர்: "அம்மா கொடுத்த ஒரே ஒரு மாத்திரைக்காக ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னேவை 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையிலிருந்து துரத்திவிட்டார்கள், பாவம்" என்று நேற்று ஒருவர் இங்கே உருகியிருந்தார். ஒன்று இல்லை ஐயா, இரண்டு. 2002 டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. விசாரணையிலேயே வெளிவந்த விஷயம்.

லெக்பிரேக் ரவி: உருகியது நான்தான். அது சிறுநீர் பிரியப் போடுகிற மாத்திரை. ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று போட்டுக்கொண்டார். அதனால் பந்து கூடுதலாகச் சுழலுமா?

மூன்றாம் நடுவர்: சுழலாது. ஆனால் ஸ்டீராய்டு என்ற ஊக்கமருந்து எடுத்திருந்தால், சோதனையில் அது தெரியாமல் இந்த மாத்திரை மறைக்கும். டிசம்பரில் தோள்பட்டை விலகியவர் ஜனவரியிலேயே ஆட வந்தாரே? சரி, அதை விடுங்கள். ஒன்றா, இரண்டா?

லெக்பிரேக் ரவி: ஸ்டீராய்டு சிக்கியதா? இல்லையே! அப்புறம் என்ன?

கடைசி பெஞ்ச்: குறைந்தது இரண்டு வருடத் தடை என்று விதி. கொடுத்தது ஒரே வருடம். மாத்திரைக்கு ஆறு மாதம் என்று கணக்குப் போட்டார்களோ?

மூன்றாம் நடுவர்: பார்த்தீர்களா, பெஞ்சே இரண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

கடைசி பெஞ்ச்: நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? கிண்டல் செய்தேன்.

கண்டிக்காரன்: எங்கள் இலங்கைச் சுழல் முரளிதரன் இப்படிச் சிக்கியிருந்தால் விட்டிருப்பார்களா? 1995 மெல்போர்ன் டெஸ்டில் முரளி பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-பால் கொடுத்த ஊர் அது.

லெக்பிரேக் ரவி: வந்துவிட்டார்! எந்த விவாதத் திரியைத் திறந்தாலும் முரளி. தடை முடிந்து வார்னே வந்த முதல் டெஸ்டிலேயே, அதுவும் உங்கள் இலங்கையின் காலி நகரில், பத்து விக்கெட். 500 டெஸ்ட் விக்கெட்டை முரளிக்கு முன்னால் தொட்டவர் யார்?

கண்டிக்காரன்: கடைசியில் 800 யார், 708 யார்? அதைச் சொல்லுங்கள்.

மூன்றாம் நடுவர்: 800, 708 எல்லாம் கிடக்கட்டும். மாத்திரை எத்தனை? வார்னேவின் வாக்குமூலம் தெளிவாக இல்லை, முன்னுக்குப்பின் முரண் என்று விசாரணைக் குழுவே எழுதியிருக்கிறது. அவர் சேனல் ஒன்பது தொலைக்காட்சியில் உட்கார்ந்து சிரித்தவுடன் எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை.

கடைசி பெஞ்ச்: நடுவரே, தோனி திரியில் ரவி உங்களைக் கலாய்த்த கடுப்புதானே இது?

மூன்றாம் நடுவர்: அந்தத் திரியிலும் நான் சொன்னதுதான் சரி.

லெக்பிரேக் ரவி: மனிதர் 2022-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் மாத்திரையை எண்ணிக்கொண்டே இருங்கள்.

மூன்றாம் நடுவர்: எண்ணியாகிவிட்டது. இரண்டு.